அமெரிக்காவில் எம்எஸ்: பெட்டி, கிலோ, சிம் கார்டு தவிர வேறு ஏதாவது பேசலாமா?

பொன்னிநதி (இழையைத் தொடங்கியவர்)

ஆகஸ்டில் விமானம் ஏறப் போகிறவர்கள் இங்கே தினமும் ஒரு கேள்வி போடுகிறீர்கள். எந்தப் பெட்டி வாங்கலாம், எத்தனை கிலோ விடுவான், எந்த சிம் கார்டு நல்லது. அதெல்லாம் வந்து இறங்கிய வாரத்திலேயே தானாகச் சரியாகிவிடும். யாரும் கேட்காத விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் 2022 ஃபாலில், அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில், பஃபலோ பல்கலைக்கழகத்துக்கு மெக்கானிக்கல் எம்எஸ் (முதுநிலை) படிக்க வந்தேன். நியூயார்க் மாநிலம்தான், ஆனால் நியூயார்க் நகரம் இங்கிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல். நயாகராதான் பக்கம். ஊரில் எல்லோரும் "பையன் நியூயார்க்ல படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை.

இரண்டு வருஷத்தில் நான் கண்டது இதுதான்: இங்கே நீங்களாகக் கேட்காத வரைக்கும் உங்களுக்கு என்ன தேவை என்று யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள். கேட்டால், எதிர்பார்க்காததும் கிடைக்கும். நாம் வளர்ந்த கல்லூரியில் எச்ஓடி அறை வாசலில் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து, ஒரு கையெழுத்து வாங்குவதே சாமர்த்தியம். வகுப்பில் கேள்வி கேட்பவனுக்குப் பின் பெஞ்சில் பட்டப்பெயர் தயாராகிவிடும். அதே பழக்கத்தோடு இங்கே வந்து உட்கார்ந்தால் முதல் செமஸ்டர் முழுக்க உட்கார்ந்தே இருப்பீர்கள்.

முதல் வாரமே ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் தருவார்கள். நம் ஊர் சிலபஸ் மாதிரி யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு இல்லை. எதற்கு எத்தனை சதவீதம் மதிப்பெண், ஒரு நாள் தாமதமானால் எவ்வளவு வெட்டு, யாரோடு சேர்ந்து செய்யலாம், எதைத் தனியாகச் செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஆபீஸ் அவர்ஸ் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஒரு வரியும் இருக்கும். அந்த நேரம் முழுக்க மாணவர்களுக்காகவே ஒதுக்கியது. அனுமதி கேட்க வேண்டாம், கதவைத் தட்டினால் போதும்.

கன்டினியூம் மெக்கானிக்ஸ் பாடத்தில் டென்சர் வந்ததும் எனக்குத் தலை சுற்றியது. போய் "சார், இந்த சாப்டர் புரியவில்லை" என்றேன். அவர் மார்க்கரை எடுத்து என் கையில் கொடுத்து, வெள்ளைப் பலகையைக் காட்டி, "எது வரைக்கும் தெரியுமோ அது வரைக்கும் எழுது" என்றார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நான் நின்ற வரிக்கு முந்தைய வரியில் ஒரு குறியீட்டை வட்டம் போட்டு, "இது இங்கே எதற்கு வந்தது?" என்று கேட்டார். அவ்வளவுதான், மீதி நானே எழுதினேன். அப்புறம் வாராவாரம் போனேன். பாதி நாள் அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடத்துக்கு கிரேடர், அதாவது சம்பளத்துக்கு விடைகளைத் திருத்தும் மாணவர், தேவைப்பட்டபோது மின்னஞ்சல் எனக்கு வந்தது.

அதற்கு முன்னால் டைனிங் ஹாலில் பாத்திரம் கழுவும் பகுதியில் இருந்தேன். பெல்ட்டில் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். மிச்சத்தைத் தள்ளி, கரண்டிகளைத் தனியே போட்டு, டம்ளர்களைக் கவிழ்த்து அடுக்குவதற்குள் அடுத்த வரிசை வந்துவிடும். நீராவியில் மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்ளும், கையுறை நனைந்திருப்பதால் துடைக்கவும் முடியாது. 2023இல் பஃபலோ வட்டாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.20 டாலர். வகுப்பு நடக்கும் காலத்தில் எஃப்-1 என்னும் மாணவர் விசாக்காரர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆக வாரத்துக்கு அதிகபட்சம் 284 டாலர். வாடகைப் பங்கும் மளிகையும் அதில் ஓடிவிடும். ஃபீஸை அதில் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றவர்களும் சொல்லுங்கள்.

கரிசல்காடு

அண்ணா, நான் கோவில்பட்டிப் பக்கம். இந்த ஃபாலில் டெம்பி ஊரில் இருக்கும் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன். நீங்கள் சொல்வதுபோல பேராசிரியர்களுக்கு ஆர்ஏ (சம்பளத்தோடு ஆராய்ச்சி உதவியாளர் வேலை) கேட்டு மெயில் அனுப்பிப் பார்த்தேன், ஒருவரும் பதில் போடவில்லை. வாட்ஸப் குழுவில் சீனியர்கள் "அதெல்லாம் கிடைக்காது, வந்ததும் பெட்ரோல் பங்கில் கேஷுக்கு வேலை பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. என்ன செய்வது?

பழைய_சோறு

தம்பி, நான் 1990களில் வந்தவன். ஐந்து டாலர் காலிங் கார்டைச் சுரண்டி, அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே "இன்னும் ஒரு நிமிடம்" என்று இயந்திரக் குரல் வரும் காலம். அப்போதும் இதே பெட்ரோல் பங்க் கதையை இதே சீனியர் ஜாதி சொல்லிக்கொண்டிருந்தது.

நான் புத்திமதி சொல்லவில்லை, சட்டத்தைச் சொல்கிறேன். எஃப்-1 தகுதி வேறு காரணத்தால் போனால், சில சமயம் மீட்டுத்தரச் சொல்லி விண்ணப்பிக்க முடியும். ஆனால் அனுமதியில்லாமல் வேலை பார்த்திருந்தால் அந்த வழி அடைபட்டது. விதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிற்பாடு கிரீன் கார்டுக்குப் படிவம் நிரப்பும்போது "அனுமதியின்றி வேலை பார்த்தாயா?" என்ற கேள்விக்கு முன்னால் உட்கார்ந்து வியர்க்க வேண்டும். கேஷ் கொடுக்கிற முதலாளிக்கும் இது தெரியும். அதனால்தான் பேசிய கூலியில் பாதி தருவான், நீ யாரிடமும் போய் முறையிட முடியாது.

ரப்பர்_செருப்பு

பெரியவரே, சொல்வது சுலபம். பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிறது. டாலர் வேறு ஏறிக்கொண்டே போகிறது. வளாகத்தில் ஒரு காபிக் கடை வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம். "கேளுங்கள், கிடைக்கும்" என்பது மெக்கானிக்கலில் நாற்பது பேர் படிக்கிற வகுப்புக்குச் சரி. என் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பில் முந்நூறு பேர், அதில் பாதிக்கு மேல் நம்மவர்கள். ஆபீஸ் அவர்ஸுக்குப் போனால் ரேஷன் கடை வரிசை. பேராசிரியருக்கு என் பெயர் கடைசி வரை தெரியாது. கேஷ் வேலை பார்க்கிறவன் பார்க்கத்தான் செய்வான், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பொன்னிநதி

ரப்பர்_செருப்பு சொல்வதில் பாதி உண்மை. பெரிய வகுப்பில் பேராசிரியரைப் பிடிப்பது கஷ்டம்தான். அங்கே டிஏக்களின், அதாவது பாடம் நடத்த உதவும் மாணவர்களின், ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்கள், அவர்கள்தான் அடுத்த செமஸ்டர் கிரேடர் யார் என்று பரிந்துரைப்பவர்கள். துறைக்கு வெளியேயும் தேடுங்கள். நூலகம், உடற்பயிற்சிக் கூடம், விடுதி வரவேற்பு, ஐடி உதவி மையம் எல்லாம் மாணவர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. நம்மவர்கள் எல்லோரும் தங்கள் துறை வாசலிலேயே நிற்கிறார்கள்.

கரிசல்காடு, உன் மெயிலை இங்கே போடு, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு. "உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று தொடங்கி எல்லோருக்கும் ஒரே மெயில் போயிருந்தால் பதில் வராது. அவர்களுக்கு தினமும் அது மாதிரி வருகிறது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு கேள்வி, உனக்கு என்ன மென்பொருள் தெரியும் என்று ஒரு வரி, வந்ததும் சந்திக்கலாமா என்று ஒரு வரி. ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். மார்க் ஷீட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எதையும் இணைக்காதே.

யாழ்_தென்றல்

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 2021இல் ஓஹையோவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு இளநிலை படிக்க வந்தேன், இப்போது முடித்துவிட்டேன். காசுப் பிரச்சினை பற்றிக் கதைக்கிறபடியால் ஒன்று சொல்ல வேண்டும், இது கனபேருக்குத் தெரியாது.

2022 மார்ச்சில் எங்கட ரூபாய் விழுந்தது ஞாபகம் இருக்கும். டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 350ஐத் தாண்டிவிட்டது. அப்பா அனுப்புகிற அதே ரூபாய்க் கணக்கு டாலரில் கிட்டத்தட்டப் பாதியாகிப்போனது. அதோடு வங்கியில் டாலரே இல்லை, அனுப்பவும் ஏலாது. அம்மா எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நிற்கிறா, நான் இங்கே டைனிங் ஹாலில் தட்டு நிறைய உணவை வைத்துக்கொண்டு இருக்கிறேன். விழுங்க முடியவில்லை.

எங்களுடைய சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருந்த ஆலோசகரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எஃப்-1 விதியில் எதிர்பாராத கடும் பொருளாதார நெருக்கடி என்று ஒரு பிரிவு இருக்கிறது என்று அவதான் காட்டினா. ஒரு முழுக் கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும். நாணய மதிப்பு வீழ்ச்சி, செலவைப் பொறுப்பேற்றவர் வருமானம் இழந்தது, பெரிய மருத்துவச் செலவு போல உங்கள் கையில் இல்லாத காரணமாக இருக்க வேண்டும். ஆலோசகரின் பரிந்துரையோடு குடிவரவுத் துறைக்கு விண்ணப்பித்தால் வளாகத்துக்கு வெளியேயும் வேலை செய்ய அனுமதி அட்டை தருவார்கள். ஒரு முறைக்கு ஒரு வருடம் வரை. நான் அந்தக் கார்டோடு நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்தேன், சட்டப்படி. கல்லூரியும் அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகையைக் கூட்டித் தந்தது, அதுவும் நான் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான்.

கடன் வட்டி அதிகம் என்பது இந்தப் பிரிவில் வராது, வரும்போதே தெரிந்த விஷயம் அது. ஆனால் இடையில் வீட்டில் ஏதும் நடந்தால் முதலில் அங்கே போங்கள், பெற்றோல் நிலையத்துக்கு இல்லை.

பழைய_சோறு

இவ்வளவு வருஷம் இந்த நாட்டில் இருக்கிறேன், இந்தப் பிரிவு எனக்கே தெரியாது. நன்றி அம்மா.

சின்னமலை

கெமிஸ்ட்ரியில் பிஎச்டி, நடுமேற்கு மாநிலம் ஒன்றில். பொன்னிநதி எழுதியதைப் படித்தால் ஏதோ கேட்பது என்பது குணம், தைரியம் சார்ந்தது மாதிரி இருக்கிறது. எம்எஸ் மாணவர் காசு கட்டிப் படிக்கிறவர், அவர் கேட்டால் பதில் சொல்லும் கடமை எதிரே இருக்கிறவருக்கு உண்டு. பிஎச்டியில் சம்பளம், ஆய்வகம், பரிந்துரைக் கடிதம், எப்போது முடிக்கலாம் என்பது வரைக்கும் ஒரே ஆளின் கையில். அவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் உங்களுக்குப் பணம் இல்லை, பணம் இல்லாவிட்டால் முழுநேரப் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் விசாத் தகுதிக்கு அடிப்படையான ஐ-20 பத்திரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்கு வர முடியுமா என்று கேட்டால், பக்கத்து மேசை அமெரிக்க மாணவன் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறான். எங்கள் கைட் (ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்) என்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார், அதே மரியாதையோடுதான் கேட்கிறார். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் சொல்லக்கூடிய பதில் ஒன்றில்லை.

நான் ஆய்வுக் குழு மாறினேன். அதற்கு முன் பட்டமேற்படிப்பு இயக்குநர், பல்கலைக்கழக ஓம்புட்ஸ் அலுவலகம் என்று இரண்டு இடத்தில் பேசினேன். ஓம்புட்ஸ் என்பது நீங்கள் சொல்வதை வெளியே விடாமல் வழி மட்டும் சொல்லும் அலுவலகம், பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் உண்டு. அங்கே போனதால்தான் பழைய கைடோடு முகம் கொடுத்துப் பேசும் அளவுக்காவது உறவு மிஞ்சியது. நேராக அவரிடம் போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. முதல் சம்பளச் சீட்டைப் பாருங்கள். அமெரிக்காவுக்கு வந்த முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு எஃப்-1 மாணவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்னும் ஓய்வூதிய, மருத்துவ வரிப் பிடித்தம் பொதுவாகக் கிடையாது. எனக்குப் பிடித்திருந்தார்கள். சம்பள அலுவலகத்தில் சொன்னதும் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் சொல்லும் வரை மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. வரி தாக்கல் செய்யும்போது இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவுப்படி நிலையான கழிவு (வரி போடாமல் விடும் தொகை) உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். சம்பாதிக்கவே இல்லை என்றாலும் வரித் துறைக்கு 8843 படிவம் அனுப்ப வேண்டும்.

பொன்னிநதி

சின்னமலை, சரிதான். எம்எஸ் கண்ணோட்டத்தில்தான் எழுதினேன். யாரிடம் கேட்பது என்பது எம்எஸ்ஸிலும் முக்கியம், முன்னால் கேட்பதா பின்னால் கேட்பதா என்பதும். பேராசிரியரிடம் தாமதமாகக் கேட்டால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். விசா தொடர்பான ஆலோசகரிடம் எதையும் செய்த பிறகு போகக் கூடாது. ஒரு பாடம் கஷ்டமாக இருக்கிறது என்று இணையதளத்தில் ஒரு பட்டனை அழுத்தி டிராப் செய்துவிட்டு, முழுநேர மாணவருக்கு வேண்டிய கிரெடிட் (பாட அளவு) கணக்குக்குக் கீழே இறங்கிய ஒருவனை எனக்குத் தெரியும். பட்டன் அவனைத் தடுக்கவே இல்லை. முன்கூட்டியே போயிருந்தால், புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் நடத்தும் முறை பிடிபடவில்லை என்றோ, உடல்நிலை என்றோ குறைவான கிரெடிட்டுக்கு அனுமதி கொடுக்க வழி இருந்தது. பின்னால் போனபோது ஆலோசகரால் பரிதாபப்படத்தான் முடிந்தது. வீடு மாறினாலும் பத்து நாளுக்குள் முகவரியைச் சொல்ல வேண்டும்.

மேகமலை

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்தேன், யாழ்_தென்றல் இருக்கிறார், சரி. டெக்சாஸில் டேட்டா சயன்ஸ் முடித்தேன்.

காப்பி அடிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. நம் கல்லூரியில் ஒரு அசைன்மென்ட் அறுபது கையெழுத்தில் வந்தாலும் திருத்துகிறவருக்கு வருத்தமில்லை. அதை நட்பு என்றே பழகியிருக்கிறோம், தராதவள்தான் கெட்டவள். இங்கே நிரல் எழுதும் பாடங்களில் பெர்க்லியில் 1994இல் உருவாக்கிய மாஸ் போன்ற கருவிகளில் எல்லோருடைய நிரலையும் போட்டு ஒப்பிடுவார்கள். மாறிகளின் பெயரை மாற்றினாலும், வரிகளை மேலே கீழே நகர்த்தினாலும் அது அமைப்பைப் பார்த்துப் பிடித்துவிடும். கொடுத்தவளுக்கும் வாங்கியவளுக்கும் ஒரே விசாரணை. என் வீட்டில் இருந்த பெண் இரக்கப்பட்டு அனுப்பியவள். பாடத்தில் எஃப் வாங்கினாள், ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 3.0க்குக் கீழே போய் ஒரு செமஸ்டர் எச்சரிக்கையில் இருந்தாள். அவளிடம் வாங்கியவன் இன்றுவரை ஒரு ஸாரி சொல்லவில்லை என்பது தனிக்கதை.

அந்த நேரத்தில் அவள் அப்பா திருச்சியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கே போன் செய்து "என் மகள் மார்க் என்ன?" என்று கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டார்கள். ஃபெர்பா என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம், மாணவர் எழுத்தில் சம்மதிக்காமல் மதிப்பெண்ணைப் பெற்றோரிடம் பேச மாட்டார்கள். ஃபீஸ் கட்டுவது நான்தானே என்று அவர் கத்தியது மறுமுனையில் யாருக்கும் புரிந்திருக்காது, தமிழில் கத்தியிருக்கிறார். கவுன்சலிங் மையத்துக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் செலவு நாம் கட்டும் மாணவர் கட்டணத்திலேயே வந்துவிடும், வீட்டுக்குச் செய்தி போகாது.

ரப்பர்_செருப்பு

கவுன்சலிங் போனவளுக்கு கிரேடு திரும்பி வந்ததா?

மேகமலை

இல்லை. தூக்கம் வந்தது. அதே பாடத்தைத் திரும்ப எடுத்து முடித்தாள். இப்போது வேலையில் இருக்கிறாள்.

கரிசல்காடு

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. நம்மவர்கள் ஆறு பேர் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்கிறார்கள். அமெரிக்கர்களோடு இருந்தால்தான் பேச்சு வரும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது நல்லது?

சின்னமலை

அமெரிக்கர்களோடு இரு. இரண்டு வருஷம் சாம்பாரும் கிரிக்கெட் ஸ்கோரும் பேசிவிட்டு நேர்முகத் தேர்வில் திணறுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

பொன்னிநதி

இதில் நான் உடன்பட மாட்டேன். 2022 டிசம்பர் பனிப்புயலில் பஃபலோவில் இருந்தவன் நான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் தொடங்கியது. எதிர் வீடு தெரியவில்லை. வாகனங்கள் ஓடத் தடை, ஆம்புலன்ஸே சிக்கிக்கொண்டது. அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விடுமுறை என்பதால் அமெரிக்க மாணவர்கள் முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள், போக இடம் இல்லாதவர்கள் நாங்கள்தான். மெயின் ஸ்ட்ரீட் பக்கம் பழைய மரவீடு, நான்கு பேர். சூடேற்றும் இயந்திரத்தின் புகைக்குழாய் வெளிச்சுவரில் தாழ்வாக இருக்கும், அது பனியில் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். முறை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருத்தன் இடுப்பில் கயிறு கட்டி வெளியே போய் அதைச் சுற்றிச் சுரண்டுவான், இன்னொருத்தன் கதவருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அரிசியும் புளிக்காய்ச்சலும் இருந்தன. சின்னமலை சொல்கிற இங்கிலீஷ் பேச்சு எனக்கு டைனிங் ஹாலில் வந்தது, வீட்டில் வர வேண்டியதில்லை.

பழைய_சோறு

டெம்பியில் பனிப்புயல் எங்கே வரும்? அங்கே கோடையில் 45 டிகிரி. பையனைப் பயமுறுத்தாதே.

யாழ்_தென்றல்

யாரோடு இருந்தாலும் வாடகை ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து போடு தம்பி. சில ஒப்பந்தங்களில் ஒருவர் இடையில் போனால் மற்றவர்கள் அவர் பங்கையும் கட்ட வேண்டும் என்று இருக்கும். ஆறு பேர் என்றால் யாராவது ஒருவர் கட்டாயம் போவார். உள்ளே போகிற அன்றே சுவர், தரைவிரிப்பு, அடுப்பு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடு, முன்பணத்தைத் திருப்பி வாங்கும்போது உதவும். தகராறு வந்தால் மாணவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர் பல வளாகங்களில் உண்டு.

கரிசல்காடு

ஆறு பேரில் இரண்டு பேர் இன்னும் விசா இன்டர்வியூவே முடிக்கவில்லை அக்கா. ஆனால் ஒப்பந்தத்தில் இப்போதே கையெழுத்து போடச் சொல்கிறார்கள்.

பழைய_சோறு

போடாதே.

மேகமலை

போடாதே. முதல் இரண்டு வாரத்துக்கு யார் வீட்டிலாவது தரையில் படுத்துக்கொள்ள இடம் கேள், அங்குள்ள இந்திய மாணவர் சங்கத்திலேயே கேட்கலாம். அப்புறம் நேரில் பார்த்து எடு. மெயிலை இங்கே போடச் சொன்னார்களே, போட்டாயா?

கரிசல்காடு

இன்று இரவு போடுகிறேன் அக்கா. ஆறு வரிக்குள் வரவில்லை, பத்து வரி ஆகிறது.